யாருடைய வாரம்? தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பக் கல்வி

இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலுள்ள ஆரம்பப் பாடசாலைகளின் வாரம் இரண்டு கால அட்டவணைகளுக்கு இடையில் நகர்கிறது. ஒன்று, கல்வி அமைச்சும் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் வகுத்துத் தந்த பாட அட்டவணை. மற்றது, விடியற்காலையில் தொழிலாளரை ஒன்றுகூட்டி அன்றைய வேலையைப் பங்கிடும் பிரட்டுக்களத்தில் தொடங்கி, பறித்த கொழுந்தைத் தராசில் இடும் மாலை நிறுவையோடு முடியும் தோட்டத்தின் வேலை ஒழுங்கு. முதலாவது வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டாவது அங்கே எழுதப்பட்டிராவிட்டாலும் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அது மனப்பாடம். ஐந்து வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் அங்கே எதைக் கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் இவ்விரண்டு அட்டவணைகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டியவராகின்றனர்.

பிள்ளையின் பகற்பொழுது தோட்டத்துக்கு உரியதா, பள்ளிக்கு உரியதா என்ற வழக்கு மலைநாட்டில் நூறாண்டுக்கும் மேல் பழமையானது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைத்துரு நோய்க்குப் பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களில், பிள்ளைகளும் உழைக்கும் கைகளாகவே எண்ணப்பட்டனர். அக்காலத்தில் எழுத்தறிந்த ஒருவர், பெரும்பாலும் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் உறவினர், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் ஒரு காம்பராவில் மாலை வேளையில் நடத்திய இராப்பள்ளியே பல தோட்டங்களில் இருந்த ஒரே பள்ளி. தோட்டப் பிள்ளைகளின் கல்வி குறித்து 1904இல் எஸ். எம். பரோஸ் அளித்த அறிக்கையையும், 1905இல் அமைந்த வேஸ் ஆணைக்குழுவின் பரிந்துரைகளையும் அடுத்து, 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும் அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத்துரையின் கடமை என்று விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னேறி, சிறு பிள்ளைகளைக் காலைப் பள்ளி நேரத்தில் வேலைக்கு எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சட்டம் பிள்ளையின் நாளில் சில மணி நேரத்தை மட்டுமே பள்ளிக்காக மீட்டுக் கொடுத்தது; எஞ்சிய பொழுது தோட்டத்துக்கே உரியதாக இருந்தது. பள்ளியை நடத்தியவரும் வேலை வாங்கியவரும் ஒரே துரையாக இருந்த ஓர் ஏற்பாட்டில் இதைவிட அதிகம் எதிர்பார்க்கவும் முடியாது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தபோது, தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்த இப்பள்ளிகள் அதன் பயனைப் பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிய பின்னர், அவர்களின் பள்ளிக்காகப் பாராளுமன்றத்தில் குரலெழுப்ப வேண்டிய தேவையும் ஆட்சியாளருக்கு இல்லாமற்போயிற்று. 1972 முதல் 1975 வரை தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1977 முதல் படிப்படியாகத்தான் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கல்வி முறைக்குள் கொண்டுவரப்பட்டன. ஒரே மண்டபமும் ஒரே ஆசிரியரும் மட்டுமே கொண்டிருந்த பள்ளிகளுக்குச் சுவீடனின் உதவியுடன் கட்டடங்களும், ஜெர்மனியின் உதவியுடன் கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வழியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வந்து சேர்ந்தது அதற்கும் பின்னர்தான். நாட்டின் ஏனைய பகுதிகள் நாற்பதுகளில் பெற்றதை மலைநாடு எண்பதுகளில் பெறத் தொடங்கியது என்று கூறினால் அது மிகையாகாது.

இன்று அந்த வகுப்பறைகளில் நடைபெறும் பாடத்தின் உருவம் 1997ஆம் ஆண்டின் பொதுக் கல்விச் சீர்திருத்தத்தில் வரையப்பட்டு, 1998இல் கம்பஹா மாவட்டத்தில் நடைமுறைப்படுத்திப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டதாகும். அதன்படி ஆரம்பக் கல்வியின் ஐந்து ஆண்டுகளும் மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டன: தரம் 1, 2 முதலாவது நிலை; தரம் 3, 4 இரண்டாவது; தரம் 5 மூன்றாவது. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பன நான்கு முதன்மைப் பாடங்கள்; ஆங்கிலமும் இரண்டாம் மொழியாகிய சிங்களமும் முதலில் பேச்சாகவும் பின்னர் எழுத்தாகவும் இவற்றோடு சேர்கின்றன. பாடங்களைவிட முக்கியமானது கற்கும் முறை பற்றி அச்சீர்திருத்தம் செய்த ஏற்பாடு. ஆசிரியர் ஒரு நோக்கத்தோடு அமைத்துத் தரும் விளையாட்டு, பொருள்களைக் கையாண்டு பிள்ளைகள் தாமே செய்து பார்க்கும் செயற்பாடு, கொப்பியும் பென்சிலுமாக அமர்ந்து செய்யும் எழுத்துவேலை என்று கற்றல் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டு, முதலாவது நிலையில் விளையாட்டுக்கும் மூன்றாவது நிலையில் எழுத்துவேலைக்கும் முதன்மை தரப்பட, இரண்டாவது நிலையில் மூன்றுக்கும் சம இடம் தரப்பட்டது. தரம் 1 வகுப்பில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு, படிப்பு நடக்கவில்லை என்று கவலைப்படும் பெற்றோர் பார்ப்பது பெரும்பாலும் பாடத்திட்டம் கூறியபடியே நடைபெறும் பாடத்தைத்தான்.

ஆண்டின் தொடக்கத்தில் கால்கோள் விழாவில் வரவேற்கப்பட்டுத் தரம் 1இல் சேரும் பிள்ளைகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சிலர் முன்பள்ளியில் பென்சில் பிடித்துப் பழகியவர்கள். வேறு சிலர் தாய் கொழுந்து பறிக்கச் செல்லும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து நேராக வந்தவர்கள். அந்நிலையங்களில் பல இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்ற புதிய பெயரோடு முன்பள்ளிப் பயிற்சியையும் அளிக்கின்றன. ஆகவே முதல் வாரங்களில் ஆசிரியர் எதையும் கற்பிப்பதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் எவற்றைச் செய்ய வல்லது என்பதை விளையாட்டின் ஊடாகக் கவனித்துக் குறித்துக்கொள்கிறார். நிறம் பிரித்தறிதல், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லுதல், ஒற்றைக் காலில் நிற்றல், நூலில் மணி கோத்தல் போன்ற எளிய செயல்களே இதற்குப் போதுமானவை. உடல்நிலையும் இக்கணிப்பில் சேர வேண்டியதாகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய அளவில் 17 சதவீதமாக இருக்க, தோட்டத்துறையில் அது 32 சதவீதமாக இருந்தது. காலையில் தேத்தண்ணியும் ரொட்டித் துண்டுமாக மலையேறி வரும் பிள்ளையின் கவனம் பத்து மணிக்குக் கலைவதற்குக் காரணத்தைப் பாடத்தில் தேடிப் பயனில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் தேவாரத்தோடும் தமிழில் பாடப்படும் தேசிய கீதத்தோடும் தொடங்கும் வாரத்தில், ஆசிரியர் முதலில் கையிலெடுப்பது வரவு இடாப்பு. வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே இடப்படும் குறி ஒன்றேயாயினும் அதற்குப் பின்னாலுள்ள காரணங்கள் பல: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் விடாத மழையில் நனைந்த வெள்ளைச் சீருடையும் சப்பாத்தும் காயாமலிருப்பது, தோட்டத்தில் நேர்ந்த ஒரு மரணத்துக்காக எல்லோரும் வேலையை நிறுத்தியிருப்பது, மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாளின் அசதி, பல தோட்டங்களில் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டி வரும் சம்பள நாளில் பெற்றோரோடு நகருக்குப் போயிருப்பது, தங்கை தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் மூத்த பிள்ளை லயத்தில் நின்றுவிடுவது. சீருடைத் துணியும் பாடநூலும் அரசினால் இலவசமாக வழங்கப்படுவதால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கான நேரடிச் செலவு குறைந்திருப்பது உண்மையே. ஆயினும் காலை ஏழு மணிக்கெல்லாம் தாயும் தகப்பனும் வீட்டிலிருந்து வெளியேறிவிடும் ஒரு வாழ்க்கையில், ஆறு வயதுப் பிள்ளையின் வரவு பல வேளைகளில் எட்டு வயது அக்காவின் பொறுப்பாகவே இருக்கிறது.

வாரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தாய்மொழி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகள் உள்ளதாகக் கூறும்போது எழும் மலைப்பு தேவையற்றது. குறிகளின் ஒழுங்கை ஒரு முறை பிடித்துக்கொண்ட பிள்ளை உயிர்மெய் எழுத்துகளிற் பெரும்பாலானவற்றைத் தானே கட்டிக்கொள்ளும். இன்றைய ஆசிரியர்கள் பலர் அரிச்சுவடி வரிசையைப் பின்பற்றாமல், கோடுகளால் எளிதில் வரையக்கூடிய ட, ப, ம முதலிய எழுத்துகளில் தொடங்கி, அவற்றால் அமையும் படம், பட்டம் போன்ற சொற்களை மின்னட்டைகளில் காட்டி, சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்கின்றனர். உண்மையான இடர்ப்பாடு எழுத்தின் எண்ணிக்கையில் இல்லை. தமிழில் ஓர் எழுத்து இடத்துக்கேற்ப வேறு வேறாக ஒலிக்கும். கடல், தங்கம், அகம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதைப் பிள்ளை காதால் அறிந்து கண்ணால் ஒன்றாக்க வேண்டும். அத்துடன், தோட்டத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுவதால், தன் தாயின் தொழிலுக்கு அடிப்படையான கொழுந்து என்ற சொல்லையே அந்தப் பிள்ளை சொல்வதெழுதலில் பிழையாக எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு பெறுகிறது. இதைப் பேச்சின் குறை என்று திருத்தும் ஆசிரியரும் உண்டு. பேச்சு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று விளக்கி, இரண்டையும் பிள்ளைக்கு உரிமையாக்கும் ஆசிரியரும் உண்டு. முன்னவரின் வகுப்பில் பிள்ளைகள் விரைவில் வாய் பேசாதவர்களாகிவிடுகின்றனர் என்பதால், இவ்வேறுபாட்டைச் சிறியதென்று ஒதுக்கிவிட முடியாது.

பாடநூல் நாடு முழுவதற்கும் பொதுவானது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடும் அந்நூல்களில் வயலும் தென்னையும் கடற்கரையும் இயல்பாக இடம்பெறுகின்றன. கடலை ஒருபோதும் காணாத மலைநாட்டுப் பிள்ளை அவற்றைப் படமாகவே அறிகிறது. அதில் தவறொன்றுமில்லை, ஏனெனில் காணாததைக் கற்பனையில் காணச் செய்வதும் வாசிப்பின் பயனே. ஆனால் தான் தினமும் காண்பவை எழுத்துக்கு உரியவையல்ல என்ற எண்ணம் பிள்ளையிடம் வேரூன்றிவிட்டால், எழுது என்று சொன்னவுடன் அது தன் லயத்தை விட்டுவிட்டுத் தான் அறியாத ஒரு கிராமத்தை எழுதத் தொடங்கும். இதை உணர்ந்த ஆசிரியர்கள் வாரத்தின் நடுப்பகுதியில் வரும் எழுத்துவேலைக்குப் பாடநூலின் தலைப்பை மாற்றி, பிரட்டுக்களம், பங்கீட்டுக் கடை, மலையில் கண்ட காட்டுப்பன்றி, மழைக்குப் போர்த்தும் படங்கு என்று எழுதச் சொல்லும்போது, இரண்டு வரி எழுதிய பிள்ளையே பத்து வரி எழுதுகிறது.

கணிதத்தில் இந்த உள்ளூர் அறிவு இன்னும் நேரடியாகப் பயன்படுகிறது. ஒன்று, பத்து என்ற இடப்பெறுமானத்தை விளக்க ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணும் முறை எங்கும் உள்ளது. தோட்டத்தில் அதனோடு தராசும் சேர்கிறது. நாளொன்றுக்குப் பலமுறை நடைபெறும் நிறுவையில், பையின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று ஒரு பகுதி கழிக்கப்படும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. முழு நாள் கூலிக்கு உரிய அளவு பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர் என்று மாலையில் வீட்டில் நடைபெறும் பேச்சு முழுவதும் கழித்தலும் பின்னமும்தான். அரை என்பதன் பொருளைக் கரும்பலகையில் வட்டம் கீறி விளக்குவதற்கு வெகு முன்பே, அரைப்பேர் போடப்பட்ட நாளில் வீட்டில் எழும் கோபத்திலிருந்து அந்தப் பிள்ளை அதை அறிந்திருக்கிறது. தரம் 5 வகுப்பில் விகிதத்தைத் தொடும் ஆசிரியருக்கு, ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை என்ற ஒரு தகவல் போதும். அதிலிருந்து பத்துக் கணக்குகளை உண்டாக்கலாம். கூலியையும் விலையையும் ஒப்பிடும் கணக்கை உண்டாக்குவதா என்பது ஆசிரியரின் துணிவைப் பொறுத்தது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தை விளக்கச் சற்று இடம் வேண்டும், ஏனெனில் 1999இன் பாடத்திட்டம் முழுவதையும் தாங்கும் தூண் அதுவே. விஞ்ஞானம், சுகாதாரம், சமூகக் கல்வி என்று முன்னர் தனித்தனியாக இருந்தவற்றை, நீர், வானிலை, தாவரம், பிராணிகள், நாமும் பாடசாலையும் என்பன போன்ற கருப்பொருள்களின் கீழ் ஒன்றிணைத்து, வாரம் முழுவதும் மொழி, கணிதம், சித்திரம் ஆகிய ஏனைய பாடங்களும் இயன்றவரை அதே கருப்பொருளைச் சுற்றியே செல்ல வேண்டும் என்பது அதன் எண்ணம். வானிலை என்ற கருப்பொருள் வரும் வாரத்தில் மொழிப் பாடத்தில் மழையைப் பற்றிய கதை, கணிதத்தில் மழை பெய்த நாட்களை எண்ணும் வரைபடம், சித்திரத்தில் முகில், சமயத்தில் இயற்கையைப் போற்றும் பாடல் என்று எல்லாம் ஒரே திசையில் நகரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி வெண்மையாகப் படிவதும், பனியில் கருகிய கொழுந்தால் வேலை குறைவதும், அடைமழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையால் பள்ளி மூடப்படுவதும் அப்பிள்ளைகளின் வானிலை அறிவில் அடங்கும். சரிவில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கிவரும் ஊற்றுநீர் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்பதைக் கற்பிப்பது, மலைநாட்டில் பாடத்தின் ஒரு பகுதி என்பதோடு உயிர்காக்கும் அறிவாகவும் ஆகிறது.

தாவரங்களைப் பற்றிய வாரத்தில் தேயிலையே ஆய்வுப் பொருளாகலாம், ஆகவும் வேண்டும். இடுப்பளவில் மட்டமாக நிற்கும் அச்செடி கவ்வாத்து வெட்டப்படாமல், அதாவது கத்தரிக்கப்படாமல், விடப்பட்டால் உயர்ந்த மரமாகிவிடும் என்பதும், அதற்கு வெள்ளைப் பூவும் விதையும் உண்டு என்பதும், ஒரு மலையில் பறித்த பின் ஏழு முதல் பத்து நாட்களில் மீண்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து தளிர்ப்பதும், பறித்த இலை ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சென்று வாட்டுதல், அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல் என்று ஐந்து கட்டங்களைக் கடந்து தூளாவதும் ஒரு வாரப் பாடத்துக்கு வேண்டிய அனைத்தையும் கொண்டுள்ளன. இதில் வகுப்பறைக்குள் ஓர் எதிர்பாராத தலைகீழ் மாற்றம் நிகழ்கிறது. நகரத்திலிருந்து பேருந்தில் வரும் ஆசிரியருக்குத் தெரியாத பலவற்றை, கவ்வாத்துக் கத்தியின் பெயரிலிருந்து அட்டைக்கடிக்கு உப்பு வைப்பது வரை, பிள்ளைகள் அறிந்திருக்கின்றனர். தன் அறியாமையை ஏற்றுக்கொண்டு அவர்களைக் கேள்வி கேட்கும் ஆசிரியரே இப்பாடத்தை அதன் நோக்கப்படி நடத்துகிறார். பிள்ளை தோட்டத் தொழிலிலிருந்து விடுபடவே பள்ளிக்கு வருகிறது, அங்கும் தேயிலையா என்று கேட்கும் பெற்றோர் உள்ளனர்; அவர்களின் கேள்வியில் தலைமுறைகளின் வேதனை இருக்கிறது. எனினும், ஒரு பொருளை விஞ்ஞானமாக அறிவதும் அதற்குக் கூலியாக உழைப்பதும் ஒன்றல்ல. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருப்பதையும், அங்கே இதே செடியை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்வோர் பணியாற்றுவதையும் அந்தப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

இதுவரை கூறப்பட்டவை ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டு என்ற எண்ணத்தில் அமைந்தவை. எண்ணூறுக்கும் மேற்பட்ட தோட்டப் பாடசாலைகளில் கணிசமானவை தரம் 5 வரை மட்டுமே உள்ள சிறு பள்ளிகள். அவற்றில் ஐந்து தரங்களுக்கு இரண்டு அல்லது மூன்று ஆசிரியர் இருப்பதும், அவர்களுள் ஒருவர் அதிபராகவும் இருப்பதும் புதுமையல்ல. அத்தகைய பள்ளியில் ஒரே அறையில் இரண்டு தரங்களை ஒருங்கே நடத்தும் முறை பல்தரக் கற்பித்தல் எனப்படும். தேர்ச்சியுள்ள ஆசிரியர், ஒரு தரத்துக்கு நேரடியாகக் கற்பிக்கும் வேளையில் மற்றத் தரத்துக்கு அவர்களே செய்யக்கூடிய அட்டைகளையோ குழு வேலையையோ தந்து, பின்னர் இடம் மாறுகிறார். அல்லது ஒரே கதையை இரு தரங்களுக்கும் சொல்லி, தரம் 2 பிள்ளையைப் படம் வரையவும் தரம் 3 பிள்ளையை முடிவை மாற்றி எழுதவும் பணிக்கிறார். கொலம்பிய நாட்டின் கிராமப்புறங்களில் 1970களில் உருவான எஸ்குவேலா நுவேவா என்ற புதிய பள்ளி முறை இத்தகைய பள்ளிகளுக்காகவே தன்கற்றல் வழிகாட்டி ஏடுகளை அமைத்தது. ஆந்திர மாநிலத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் கிராமப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பின்னர் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. அம்முறையில் பிள்ளை ஏணிப்படி போன்ற ஓர் அட்டவணையில் தன் இடத்தைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக் கற்று, தன் வேகத்தில் அடுத்த படிக்குச் செல்கிறது. சில நாட்கள் வராமல் இருந்த பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. மழையாலும் திருவிழாவாலும் வரவு குறையும் மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை என்று தோன்றுகிறது. இலங்கையின் ஆசிரியர் வழிகாட்டி நூல்களோ இன்றும் பெரும்பாலும் ஒற்றைத் தர வகுப்பையே மனத்தில் வைத்து எழுதப்படுவதால், இரண்டு தரங்களுக்கான பாடக்குறிப்புகளை ஒன்றாக்கும் வேலை ஒவ்வோர் ஆசிரியரின் ஞாயிறு மாலைக்கு விடப்பட்டுள்ளது.

அந்த ஆசிரியர் யார் என்பதும் காலத்தோடு மாறியுள்ளது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் கற்பித்த நிலை போய், இன்று பெரும்பாலோர் தோட்டப் பிள்ளைகளாகவே பிறந்து படித்து முன்னேறியவர்கள். 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்ட சுமார் மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்கள், பயிற்சி முடித்து முழுமையான ஆசிரியராகும் வரை மிகச் சிறிய மாதாந்தக் கொடுப்பனவோடு வகுப்புகளை ஏற்று நடத்தினர் என்பதை, மலைநாட்டின் ஆரம்பக் கல்வியைப் புகழ்வோரும் பழிப்போரும் மறந்துவிடக் கூடாது.

ஆங்கிலமும் சிங்களமும் வாரத்தில் சில பாடவேளைகளே பெறுகின்றன. தரம் 1, 2 வகுப்புகளில் கட்டளைகள், வாழ்த்துகள், பாடல்கள் என்ற அளவில் ஆங்கிலம் வாய்மொழியாகவே நுழைந்து, தரம் 3 முதல் முறையான பாடமாகிறது. சிங்களத்தின் நிலை வேறு. கடையிலும் பேருந்திலும் அரச அலுவலகத்திலும் அது தேவைப்படும் மொழி என்பதைப் பெற்றோர் அன்றாடம் அனுபவிப்பதால், அதைக் கற்பதில் எதிர்ப்பு இல்லை, ஆர்வமே உள்ளது. கற்பிக்கத் தகுதி பெற்ற ஆசிரியர் கிடைப்பதே அரிது.

வெள்ளிக்கிழமையில் சமயமும் அழகியலும் சற்று மேலோங்குகின்றன. மலைநாட்டின் கலைச்செல்வம் இவ்விடத்தில் பாடத்துக்குள் வருவதற்கு இடமுண்டு: மாசி, பங்குனி மாதங்களில் தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றின் பாட்டும் தப்பின் அடியும் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானவை. ஒன்றரை, இரண்டு என்று கால அளவுகளைத் தப்பில் தட்டிக் காட்டும் பிள்ளை, இசைப்பாடத்தின் தாளக் கணக்கைத் தனியே கற்க வேண்டியதில்லை.

தரம் 5ஐ எட்டும்போது இந்த வாரத்தின் இயல்பே மாறிவிடுகிறது. வசதியற்ற குடும்பங்களின் திறமையுள்ள பிள்ளைகளை நல்ல பாடசாலைகளுக்கு அனுப்புவதற்காக, மத்திய மகா வித்தியாலயங்களின் காலத்தில் தொடங்கிய புலமைப்பரிசில் பரீட்சை, இரண்டு வினாத்தாள்களையும், மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப வேறுபடும் வெட்டுப்புள்ளியையும் கொண்டு, இன்று முழுத் தரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டுள்ளது. சுற்றாடலைச் சுற்றி நடந்து கற்ற பாடம் மாதிரி வினாத்தாளாகிறது. மேலதிக வகுப்புகளால் சனிக்கிழமையும் பள்ளி நாளாகிறது. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலையும், பறித்த எடைக்குக் காசு தரப்படும் கைக்காசுக் கொழுந்துக்குத் தாய் போனால் வீட்டு வேலையும் போக எஞ்சுவதே ஓய்வு. தோட்டப் பிள்ளை ஒன்று வெட்டுப்புள்ளியைத் தாண்டினால், அதன் படம் தோட்டத்து நுழைவாயிலில் பதாகையாகத் தொங்கும். அந்த மகிழ்ச்சியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பதாகையில் இல்லாத பெரும்பாலோருள் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை, அதாவது அடுத்த நிலைக்குச் செல்லுமுன் ஒவ்வொரு பிள்ளையும் பெற்றேயாக வேண்டிய வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றின் குறைந்தபட்சத் திறன்களை, அடையாமலே வெளியேறுவோர் உள்ளனர். பாடத்திட்டம் கேட்பது அத்தேர்ச்சிகளை. ஊர் கேட்பது வெட்டுப்புள்ளியை. இரண்டு தரங்களை ஒரே அறையில் நடத்தும் ஆசிரியரிடம் எஞ்சும் நேரம் பின்தங்கிய பிள்ளைக்குப் போவதா, பரீட்சையில் வெல்லக்கூடிய பிள்ளைக்குப் போவதா என்ற தெரிவு ஒவ்வொரு வாரமும் எழுகிறது. கல்விப் பணிமனையின் மேற்பார்வையும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றன.

தரம் 5 வரை மட்டுமே உள்ள பள்ளியில் படித்த பிள்ளை, தரம் 6க்காக நகருக்கு அண்மையிலுள்ள பெரிய பாடசாலைக்குச் செல்லும். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர், நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி. கருப்பொருள் வாரம் என்ற ஏற்பாடு அத்துடன் முடிவடைகிறது. காலையில் நிரம்பி வரும் பேருந்துக்கு முன்னரே தார்ச்சாலையை அடைய வேண்டுமாதலால், அந்தப் பிள்ளை இனிமேல் தாய் பிரட்டுக்களத்துக்குப் போகும் நேரத்திலேயே லயத்தை விட்டுப் புறப்படுகிறது.